களிமண் சிப்பாய்களும் கடலூர்ப் போரும்

திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் கோவிலின் பொருளறையிலிருந்து குடில் பெட்டியை இறக்குவது எல்லாப் பங்குகளிலும் உள்ள வழக்கம். நெய்வேலி நகரியத்தில் நாம் பணியாற்றும் பங்கிலும் அவ்வாறே. வைக்கோலையும் பழைய நாளிதழ்த் தாள்களையும் விலக்கிச் சுரூபங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும்போது, ஓர் இடையனுக்குக் கை ஒடிந்திருக்கும். ஓர் ஒட்டகத்துக்குக் காது போயிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு மாலையில், பெட்டியை இறக்க உதவிய நான்கு இளைஞர்கள் தயங்கித் தயங்கி நம்மிடம் ஒரு வேண்டுகோள் வைத்தனர். மறைக்கல்வி அறையிலுள்ள பெரிய மேசைகள் இரண்டும் ஒரு வார காலத்திற்குத் தங்களுக்கு வேண்டும் என்றனர். எதற்கு என்று கேட்டோம்.

"சண்டை போட, ஃபாதர்" என்றான் அவர்களுள் இளையவன்.

மற்றவர்கள் அவனை முறைத்துவிட்டு விளக்கம் தந்தனர். ஓர் அங்குல உயரமுள்ள சிப்பாய் உருவங்களை இரண்டு ஆண்டுகளாகச் செய்து சேர்த்து வருகிறார்களாம். மேசையின்மேல் ஆறும் மேடும் மதிலும் அமைத்து, படைகளை அணிவகுத்து நிறுத்தி, அளவுகோலால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி வெற்றி தோல்வியை முடிவு செய்யும் ஆட்டமாம். அவர்கள் தேர்ந்தெடுத்திருந்தது 1783ஆம் ஆண்டின் கடலூர்ப் போர். இங்கிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரத்தில் சென்றடையக்கூடிய இடத்தில் நடந்த போர் அது.

நாம் உடனே இசையவில்லை. அமைதியின் அரசரை எதிர்நோக்கியிருக்கும் காலத்தில், குடிலுக்கு அடுத்த அறையில் போர் விளையாட்டா என்று மனம் தயங்கியது. 'நாளை சொல்கிறோம்' என்று அனுப்பிவிட்டோம். அன்றிரவு அது பற்றிச் சிந்திக்கத் தொடங்கியபோது, நாம் எண்ணியதைவிடப் பழைமையும் ஆழமும் உடைய ஒரு பொருள் அது என்பது புலப்பட்டது. அந்தச் சிந்தனையையும், அதன்பின் அம்மேசையருகே நாம் கண்டதையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறுதேரும் நாற்படையும்

போரைச் சிறியதாக்கிக் கைக்குள் அடக்கும் ஆசை நமக்குப் புதியதன்று. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதி இரண்டை எண்ணிப் பாருங்கள். ஒன்று சிறுபறை, மற்றொன்று சிறுதேர். களத்தில் முழங்கிய பறையும் களத்தில் ஓடிய தேரும் குழந்தையின் கைக்கு அளவாகச் சிறுத்து வந்து நிற்கின்றன. தச்சன் செய்து கொடுத்த அந்தச் சிறுதேரை உருட்டிய சிறுவன், பிற்காலத்தில் பெருந்தேர் ஏறுவான் என்று பாடுவோர் வாழ்த்தினர்.

சதுரங்கமும் அவ்வாறானதே. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைக் கட்டங்களின்மேல் நிறுத்திய அவ்வாட்டம் இந்திய மண்ணில் பிறந்து, பாரசீகம் சென்று, அரேபியர் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. போகும் வழியில் காய்கள் உருமாறின. நம் யானை நின்ற இடத்தில் ஆங்கிலேயரின் பலகையில் ஆயர் நிற்கிறார். ஆயர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்களா, சினப்பார்களா என்று நமக்குத் தெரியாது. ஆயினும் போர்க்களத்தின் குருதியும் புழுதியும் நீங்கி, அறிவும் பொறுமையும் மட்டும் எஞ்சிய ஆட்டமாக அது உலகெங்கும் மதிக்கப்படுகிறது. அதைப் பாவம் என்று இன்று எவரும் சொல்வதில்லை.

இனி, நம் ஊர்ப்புறங்களில் ஐயனார் கோவில் எல்லையில் வரிசையாக நிற்கும் சுடுமண் குதிரைகளையும் வீரர்களையும் பார்க்காதவர் யார்? அவை ஆளுயரத்துக்கும் மேலானவை, காவலுக்காக நிறுத்தப்பட்டவை. எனினும் களிமண்ணைப் பிசைந்து வீரனைச் செய்யும் கை நம் மாவட்டங்களுக்கு அயலானதன்று என்பதற்கு அவை சான்று.

மன்னரின் மேசை

ஐரோப்பாவில் இந்தக் கலை வேறு வழியில் வளர்ந்தது. ஜெர்மனியின் நூரன்பெர்க் நகரத்துத் தகரக் கொல்லர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளீயத்தை உருக்கி, தட்டையான சிறு சிப்பாய்களை வார்த்து, வண்ணம் தீட்டிச் சிறுவர்களுக்கு விற்றனர். அதே காலத்தில், 1780இல், பிரவுன்ஷ்வைக் நகரத்து ஆசிரியர் ஹெல்விக் என்பவர் சதுரங்கப் பலகையை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்களாக விரித்து, ஆறு, மலை, காடு, ஊர் ஆகியவற்றைக் குறிக்க நிறங்கள் இட்டு, போர்க்கலையைக் கற்பிக்கும் ஆட்டம் ஒன்றை வெளியிட்டார்.

அடுத்த அடியை வைத்தவர் பிரஷ்ய நாட்டின் ரைஸ்விட்ஸ் பிரபு. 1812இல் அவர் தம் மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியத்துக்கு ஒரு பெரிய மேசையை வழங்கினார். நிலத்தின் மேடு பள்ளங்கள் சுண்ணச் சாந்தால் செய்த துண்டுகளாக அதன்மேல் அடுக்கப்பட்டன. படைகளைக் குறிக்கும் காய்கள் பீங்கானால் ஆனவை. அரச குடும்பத்தினர் அதைச் சுற்றி அமர்ந்து ஆடினர். 1824இல் அவருடைய மகன் அதைத் திருத்தினார். மேசைக்குப் பதிலாக உண்மையான நிலப்படம் வந்தது. எந்தத் தாக்குதலில் எத்தனை பேர் வீழ்வர் என்பதைப் பகடையும் அட்டவணையும் முடிவு செய்தன. இரு தரப்பினருக்கும் நடுவே ஒரு நடுவர் இருந்தார். பிரஷ்யப் படைத் தலைமை அதனை அதிகாரிகளின் பயிற்சிக்கு ஏற்றுக்கொண்டது. சிறுவரின் பொம்மையும் அறிஞரின் சதுரங்கமும் அன்று இராணுவக் கல்வியாயின. அடுத்த நூற்றாண்டில் பல நாட்டுப் படைகளும் அதைப் பின்பற்றின.

மற்றொரு பக்கம் அது மீண்டும் இல்லத்துக்கே திரும்பிற்று. 1893இல் லண்டனில் பிரிட்டன் என்னும் குடும்பத்தார் ஒரு புதிய முறையைக் கண்டனர். உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் உறைந்த மறுகணமே நடுவிலுள்ள குழம்பை வெளியே கவிழ்த்துவிடுவது அம்முறை. உள்ளே வெற்றிடமான சிப்பாய் கிடைப்பான். ஈயமும் மிச்சம், எடையும் குறைவு. விலை இறங்கவே, நடுத்தரக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் படைகள் கிடைத்தன. அதற்கும் பத்தாண்டுகளுக்கு முன்பே, நோயுற்று ஸ்விட்சர்லாந்தின் தாவோஸ் நகரில் தங்கியிருந்த எழுத்தாளர் ஸ்டீவன்சன், தம் மனைவியின் மகனோடு மாடியறைத் தரையில் குப்புறப் படுத்து ஈயச் சிப்பாய்களைக் கொண்டு நாள்கணக்கில் போர் நடத்தினார் என்பது இலக்கிய வரலாறு.

இந்த ஆட்டத்துக்குப் பொதுமக்களுக்கான விதிநூல் எழுதியவர் எச். ஜி. வெல்ஸ். 'சிறு போர்கள்' என்று பொருள்படும் தலைப்பில் 1913இல் அந்நூல் வெளிவந்தது. வெல்ஸ் போரை வெறுத்தவர். வீட்டுக் கூடத்தில் பொம்மைத் துப்பாக்கியால் மரக்குச்சியைச் சுட்டுச் சிப்பாய்களை வீழ்த்தி விளையாடியவனுக்கு, உண்மைப் போர் எவ்வளவு பெரிய மடமை என்பது விளங்கிவிடும் என்று அவர் நம்பினார். தளபதிகளையும் அரசர்களையும் ஓர் அறையில் அடைத்து இத்தகைய சிறு போர்களை ஆடச் செய்தால் உலகம் பிழைக்கும் என்பதே அந்நூலின் முடிவுப் பகுதியில் அவர் கொண்ட கருத்து. அடுத்த ஆண்டு, 1914இல், முதல் உலகப் போர் மூண்டது.

இந்த வரலாற்றை எண்ணிப் பார்த்தபோது நம் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. அதே பொம்மை ஓர் அறையில் போரைக் கற்றுத் தருகிறது. மற்றோர் அறையில் போரின் மடமையை உணர்த்துமென எதிர்பார்க்கப்படுகிறது. நம் மறைக்கல்வி அறையில் அது எதைச் செய்யும்? மறுநாள் இளைஞர்களை அழைத்து, மேசைகளை எடுத்துக்கொள்ளச் சொன்னோம். ஒரே ஒரு நிபந்தனை இட்டோம். நாமும் அருகிருந்து பார்ப்போம் என்பதே அது.

நம் மண்ணின் உருவங்கள்

அவர்கள் பெட்டிகளைத் திறந்தபோது நாம் வியந்தோம். சில உருவங்கள் வெளிநாட்டுப் பிளாஸ்டிக். ஒருவனுடைய மாமா வளைகுடாவிலிருந்து வரும்போது வாங்கி வந்தவை. ஏனைய அனைத்தும் களிமண். விலை கொடுத்து வாங்க இயலாததால் தாங்களே செய்ததாகச் சொன்னார்கள்.

நெய்வேலியில் களிமண்ணுக்கா பஞ்சம்? 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்ட கதையை நகரியத்துப் பிள்ளைகள் பள்ளியிலேயே கற்றுவிடுவர். 1956இல் நிறுவனம் தோன்றியது. அடுத்த ஆண்டு சுரங்கப் பணி தொடங்கியது. பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்குமுன் அதன்மேல் பல பத்து மீட்டர் ஆழத்துக்குப் படிந்துள்ள மணலையும் களிமண்ணையும் அகற்ற வேண்டும். அந்தப் படிவுகளினிடையே பீங்கானுக்கு உதவும் வெண்களிமண்ணும் உண்டு. அண்டையிலுள்ள விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும் அத்தொழிலைக் கற்பிக்கும் பயிலகமும் அமைந்ததற்கு இந்த மண்வளமும் ஒரு காரணம். அங்குள்ள சிறு பட்டறைகளில் களிக்குழம்பைச் சுண்ணாம்புச் சாந்து அச்சில் ஊற்றி, விரல் நீளப் பொம்மைகளை ஆயிரக்கணக்கில் வார்த்தெடுக்கிறார்கள். மற்றொரு திசையில் பண்ருட்டி. பலாவுக்கும் முந்திரிக்கும் பெயர்பெற்ற அவ்வூர் பொம்மைக்கும் பெயர்பெற்றது. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு அச்சுகளில் மண்ணை அழுத்தி, இரண்டையும் ஒட்டி, நிழலில் உலர்த்தி, சூளையிலிட்டு, வெள்ளை பூசி, வண்ணம் தீட்டுவது அங்குள்ள முறை. நவராத்திரிக் கொலுவுக்குச் செய்யும் அதே கைகள், மார்கழியில் நம் குடில்களுக்கான இடையரையும் ஞானியரையும் செய்து தருகின்றன.

இளைஞர்கள் இரண்டு ஊர்களின் முறைகளையும் பார்த்துப் பழகியிருந்தனர். அச்சில் வார்த்த சிப்பாயின் கையில் களிமண் துப்பாக்கி நிற்காது, ஒடிந்துவிடும். ஆகவே தென்னை ஈர்க்கைச் சீவித் துப்பாக்கியாக்கினர். ஈட்டிக்குக் குண்டூசி. கெடிலம் ஆற்றுக்கு ஒரு நீலப் புடவைத் துண்டு. மேற்கே இன்று கேப்பர் மலை என்று வழங்கும் செம்மண் மேட்டுக்கு அட்டையின்மேல் ஒட்டிய செங்கற்பொடி. கடற்கரையோரம் சவுக்குத் தோப்பு ஒன்று அமைத்திருந்தார்கள். சவுக்கு இக்கரைக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில் என்று நாம் சொன்னபோது, மறுநாளே அதை அகற்றிவிட்டுப் பனைகளை நட்டிருந்தார்கள். இத்தகைய நேர்மையை நாம் பல வரலாற்று நூல்களிலும் கண்டதில்லை.

படைவீரர் எண்ணிக்கையைப் பற்றியும் கேட்டோம். மேசையில் ஓர் ஆளுக்கு ஓர் உருவம் என்று வைக்க இயலாது. இவ்வாட்டத்தின் நூல்களில் ஓர் உருவம் 20 பேருக்கு நிகர் என்றும், 33 பேருக்கு நிகர் என்றும் பல கணக்குகள் உண்டாம். இவர்கள் ஒன்றுக்கு 50 என்று வைத்துக்கொண்டனர். ஆங்கிலத் தளபதி ஸ்டூவர்ட்டின் படை ஏறத்தாழ 11,000. ஆகவே 220 உருவங்கள்.

சமாதானத்துக்குப் பின் நடந்த போர்

கடலூர் அக்காலத்தில் ஏன் இத்தனை முக்கியம் பெற்றது என்பதைச் சற்றே நினைவுகூர வேண்டும். 1690இல் ஆங்கிலக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கினர். கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் அவர்களுக்கு உரியது என்பதை அளக்கக் கையாண்ட முறை வியப்பானது. கோட்டையிலிருந்து பீரங்கியைப் பல திசைகளில் சுட்டு, குண்டு விழுந்த எல்லைவரை உள்ள ஊர்களெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம் என்று கொண்டனர். அவ்வூர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வழங்கிற்று. அங்கே உழுதுகொண்டிருந்தவரை எவரும் கேட்கவில்லை. வானில் ஓர் இரைச்சல். அவர்கள் வேறோர் ஆட்சிக்கு உரியவர் ஆயினர்.

நூறாண்டுகள் கழிந்து, ஐதர் அலியும் பிரெஞ்சுக்காரரும் ஓர் அணியாகவும் ஆங்கிலேயர் மறு அணியாகவும் இக்கரையில் பொருதனர். 1781 ஜூலை 1ஆம் நாள் பரங்கிப்பேட்டையில் அயர் கூட் ஐதரின் பெரும்படையைத் தோற்கடித்தார். 1782இல் கடலூர் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் ஐதர் மறைந்தார். அடுத்த ஆண்டு, முதிய தளபதி புஸ்ஸி கடலூரில் காத்திருக்க, ஸ்டூவர்ட் நகரின் தென்புறத்தில் வந்து பாளையம் இறங்கினார்.

1783 ஜூன் 13ஆம் நாள் தாக்குதல் நடந்தது. விடியுமுன் மேற்கு மேட்டிலிருந்த மைசூர்க் காவல்நிலைகள் வீழ்ந்தன. பின்னர் பிரெஞ்சு அரண்களின்மேல் அலையலையாக ஏறினர். ஆங்கிலேயர் பக்கம் ஹனோவரிலிருந்து கப்பலேறி வந்த ஜெர்மானியரும் இருந்தனர்; இரு பக்கங்களிலும் இந்நாட்டுச் சிப்பாய்கள் இருந்தனர். மாலைக்குள் ஆங்கிலப் படையில் மட்டும் கொல்லப்பட்டோரும் காயமுற்றோரும் ஏறத்தாழ ஆயிரம். நகரம் வீழவில்லை. ஜூன் 20ஆம் நாள் கரைக்கு எதிரே கடலில், சுஃப்ரேனின் 15 கப்பல்களும் ஹியூஸின் 18 கப்பல்களும் மோதின. ஒவ்வொரு தரப்பிலும் ஏறத்தாழ நூறு பேர் மாண்டனர். ஜூன் 25இல் பிரெஞ்சுக்காரர் வெளியேறித் தாக்கி, இழப்போடு திரும்பினர்.

ஜூன் மாத இறுதியில் சமாதானக் கொடி ஏந்திய ஒரு கப்பல் சென்னையிலிருந்து வந்தது. அது கொண்டுவந்த செய்தி இதுதான். ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் போரை நிறுத்துவதற்கான முதல் உடன்படிக்கையில் கையெழுத்திட்டுவிட்டன. கையெழுத்தான நாள் 1783 ஜனவரி 20.

நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஒரு கடிதம் வந்துசேர ஐந்து மாதங்கள் ஆகும் காலம் அது. அந்த ஐந்து மாதங்களின் கடைசி மூன்று வாரங்களில், முடிந்துபோன ஒரு போருக்காக இவ்வளவு பேர் மடிந்தனர்.

"இன்னும் ஒரே ஒரு முறை"

இதை நாம் இளைஞர்களுக்கு எடுத்துச் சொல்லி, ஆட்டத்தில் ஒரு விதியைச் சேர்க்குமாறு கேட்டோம். ஐந்தாம் சுற்றுக்குப் பிறகு ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இரு பகடைகளை உருட்ட வேண்டும். இரண்டிலும் ஆறு விழுந்தால் சமாதானக் கப்பல் வந்துவிட்டதாகக் கொண்டு, யார் கை ஓங்கியிருந்தாலும் ஆட்டத்தை அந்த நொடியே நிறுத்த வேண்டும். "ஜெயிக்கிற நேரத்துல நிறுத்தச் சொன்னா எப்படி ஃபாதர்?" என்று முணுமுணுத்தனர். பின்னர் ஒப்புக்கொண்டனர்.

ஒரு சனிக்கிழமை மாலை ஆட்டம் தொடங்கியது. நாம் ஓரமாக நாற்காலி இட்டு அமர்ந்தோம். முதல் ஒரு மணி நேரம் அளப்பதும் எழுதுவதுமாகவே கழிந்தது. பிறகு மேட்டிலிருந்த காவல்நிலை விழுந்தது. நாம் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டோம். ஆங்கிலேயர் பக்கம் ஆடிய இளைஞன் அரணின் தென்மூலையை நோக்கித் தன் சிப்பாய்களைக் குவித்தபோது நாம் எழுந்தே நின்றுவிட்டோம். வரலாற்றில் வீழாத அரண் மேசையில் வீழப்போகிறது! ஏழாம் சுற்று முடிந்தது. பகடை உருண்டது. ஆறும் ஆறும்.

"இன்னும் ஒரே ஒரு முறை, ஃபாதர்! ஒரே ஒரு சுற்று!" என்று அவன் கெஞ்சினான்.

அந்த விதியை விதித்தவர் நாம். கப்பல் வந்துவிட்டது என்று சொல்ல வேண்டியவரும் நாமே. ஆனால் நம் வாயிலிருந்து வந்த சொல், "சரி, ஒன்றே ஒன்று" என்பதுதான்.

அந்த ஒரு சுற்றில் ஆறு உருவங்கள் வீழ்ந்தன. அரண் வீழவில்லை. எழுதிக்கொண்டிருந்தவன் வழக்கம்போல் குறித்துக்கொண்டு, உரக்கப் படித்தான்: "ஆறு. அப்ப முந்நூறு பேர்."

அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. 'ஆயிரம் பேர்' என்று வரலாற்றில் படித்த இழப்பு, அவர்கள் கணக்கில் இருபது பொம்மைகள். இரு உள்ளங்கைகளில் அடங்கிவிடும். அந்த இருபதை அள்ளிப் பெட்டியில் போடுவது எளிது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மேடையிலிருந்து அமைதியைப் பற்றிப் பேசி வந்த நாம், ஓர் அங்குலப் பொம்மை முன்னேறுவதைக் காணும் ஆவலில் சமாதானக் கப்பலை ஒரு சுற்று காத்திருக்கச் செய்தோம். மேசையருகே நிற்பவருக்கு எவ்வளவு எளிதாக இது நிகழ்ந்துவிடுகிறது! மன்னரின் பீங்கான் காய்களைச் சுற்றி அமர்ந்தவர்களை எளிதாகக் குறைகூறிய நமக்கு, அன்று வாயடைத்துப் போயிற்று.

வீழ்ந்த ஆறினைக் கையில் எடுத்துப் பார்த்தோம். தொலைவிலிருந்து ஒன்றுபோல் தோன்றியவை, கையில் எடுத்தபோது ஒன்றுபோல் இல்லை. ஒருவனுக்கு மீசை சற்றுக் கோணல். ஒருவனுடைய தலைப்பாகையில் சிவப்பு வழிந்து காதில் பட்டிருந்தது. செய்தவனுக்கு ஒவ்வொன்றும் நினைவிருந்தது. "இது காயறதுக்கு முன்னாடியே மழையில நனஞ்சிடுச்சு, ஃபாதர். மறுபடி செஞ்சேன்" என்றான். ஐம்பது பேருக்கு ஒன்று என்னும் கணக்கு ஆடுபவனுக்கு உரியது. செய்பவனின் கை ஒவ்வொன்றாகத்தான் செய்கிறது.

நம் முன்னோர் வீழ்ந்த வீரனுக்கு நட்ட கல்லை இங்கே நினைத்துக்கொண்டோம். 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட தமிழ் பிராமி எழுத்துடைய நடுகற்களாயினும், செங்கம் பகுதியில் இன்றும் வயலோரம் நிற்கும் பல்லவர் காலத்துக் கற்களாயினும், அவற்றின் முறை ஒன்றே. மாண்டவன் இன்னான், ஆகோள் பூசலிலோ வேறெதிலோ மாண்டான் என்று அந்தக் கல் தனி ஒருவனைச் சுட்டும். ஐம்பது பேருக்கு ஒரு கல் நடும் வழக்கம் அவர்களிடம் இல்லை.

மேசை ஓரத்து ஏழு குடிசைகள்

அன்று மாலை நம் கண்ணில் பட்ட மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். மேசையின் தென்மேற்கு ஓரத்தில் ஏழு குடிசைகளும் ஒரு கிணறும் இருந்தன. நால்வருள் அதிகம் பேசாத ஒருவன் அவற்றைச் செய்திருந்தான். பனையோலைக் கூரை, சாணம் மெழுகிய நிறத்தில் திண்ணை, கிணற்றுக்கு ஏற்றமும்கூட. விதிப்படி குடிசைகளுக்கு மதிப்பு எதுவுமில்லை. பின்னால் மறைந்து நிற்கும் சிப்பாயின்மேல் குண்டு படும் வாய்ப்பு சற்றுக் குறையும், அவ்வளவே. எதற்காக இத்தனை உழைப்பு என்று மற்றவர்கள் கேலி செய்திருக்கிறார்கள்.

நாம் கேட்டபோது அவன் சொன்னான்: "எங்க ஆயா ஊர் இப்படித்தான் இருந்துச்சாம், ஃபாதர். இப்ப அது சுரங்கத்துக்குள்ள இருக்கு."

நெய்வேலியில் வாழ்வோர் யாவரும் அறிந்த செய்திதான் இது. நிலக்கரி இருக்கும் இடத்தில்தான் தோண்ட முடியும். அங்கே ஊர்களும் இருந்தன. அவை பெயர்ந்து வேறிடம் சென்றன. அந்தக் கரியிலிருந்து பிறந்த மின்சாரம் தமிழகத்தின் எத்தனையோ வீடுகளுக்கு ஒளி தந்தது. நகரியத்தின் பள்ளிகளிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் உயர்ந்தனர். அதை நாம் நன்றியோடு நினைக்கிறோம். நேர்கோட்டுச் சாலைகளும் எண்ணிட்ட வட்டங்களுமாய் ஒரு வரைபடம்போல் விளங்கும் இந்நகரியத்தின் அழகையும் நாம் விரும்புகிறோம். ஆயினும் எந்த வரைபடமும் முதலில் தரையை வெறுமையாக்கிக்கொண்டுதான் தொடங்குகிறது. கடலூர்ப் போரின் குறிப்புகளில் படையணிகளின் பெயர்கள் உள்ளன, கப்பல்களின் பெயர்கள் உள்ளன. அவ்வயல்களின் உரிமையாளர், படை வருகிறதென்று கேட்டு மாட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடியவர், அவர்கள் பெயர்கள் இல்லை. மேசையில் அவர்களுக்கு இடம் தந்தவன், தன் ஆயாவின் கிணற்றை மனத்தில் வைத்திருந்த ஒரு பிள்ளை.

அசிசியின் புனித பிரான்சிஸ் இளமையில் போருக்குச் சென்றவர் என்பதை நாம் பலவேளை மறந்துவிடுகிறோம். 1202இல் கொலெஸ்திராதா களத்தில் தோற்று, பெருஜியாவில் ஓராண்டு சிறையில் கிடந்தவர் அவர். 1219இல் சிலுவைப் போர் நடுவே எகிப்துக்குச் சென்று சுல்தானை ஆயுதமின்றிச் சந்தித்தவரும் அவரே. அத்தகையவர்தாம் 1223இல் கிரேச்சியோவில் வைக்கோலையும் மாட்டையும் கழுதையையும் கொண்டு முதல் குடிலை அமைத்தார். போர்க்களத்தை நேரில் கண்ட ஒருவர், மக்கள் கூடி நின்று பார்ப்பதற்கென்று வேறொரு காட்சியைத் தேர்ந்துகொண்டார். அவர் அமைத்த காட்சியில் ஏழைகளும் விலங்குகளும் ஒரு குழந்தையும் இருந்தனர்.

ஆட்டம் முடிந்து சிப்பாய்களைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார்கள். அவர்கள் இன்றும் ஆடுகிறார்கள். நாமும் மேசைகளைக் கொடுத்து வருகிறோம். தடை செய்திருந்தால் அந்த 'ஒரே ஒரு முறை' நமக்குள்ளும் இருக்கிறது என்பதை நாம் அறிந்திருக்கமாட்டோம். கப்பல் விதி மட்டும் இப்போது கண்டிப்பாகக் காக்கப்படுகிறது. பகடையில் ஆறும் ஆறும் விழுந்தால், நம் முகத்தைப் பார்க்காமலே அவர்கள் கையை எடுத்துவிடுகிறார்கள்.

ஏழு குடிசைகள் மட்டும் பெட்டிக்குள் போகவில்லை. நம் ஊர்க் குடில்களில் பெத்லகேமுக்குப் பின்னால் ஒரு தமிழ்க் கிராமம் எப்போதும் இருக்கும் அல்லவா? அங்கே அவற்றை வைத்தோம். கிறிஸ்து பிறப்பு இரவில் திருப்பலி முடிந்து எல்லாரும் குழந்தையை முத்தி செய்து நகர்ந்துகொண்டிருந்தபோது, வயது முதிர்ந்த பெண்மணி ஒருவர் பேரனின் கையைப் பற்றியபடி குடிலின் பக்கவாட்டில் குனிந்து நின்றார். வரிசை அவருக்குப் பின்னால் நின்றுவிட்டது. அவர் விரலை நீட்டி, மெல்லிய குரலில் பேரனிடம் சொன்னார்: "கிணறு இந்தப் பக்கம் இல்ல, தம்பி. வேப்பமரத்துக்கு அந்தாண்ட."

அவன் கையை நீட்டிக் கிணற்றை எடுத்து, அவர் காட்டிய இடத்தில் வைத்தான்.